வராத விருந்தினர், வந்த விருந்தினர்

சிறிய உணவகம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாயில்கள் உண்டு. தெருவிலிருந்து பசியோடு வருகின்றவர் நுழையும் வாயில் ஒன்று. அடுக்களைக்கும் உணவறைக்கும் இடையே ஓயாது ஊசலாடிக்கொண்டிருக்கும் கதவு மற்றொன்று. முன்வாயிலில் புன்னகை நிற்கிறது. உட்கதவுக்குப் பின்னே வியர்வை நிற்கிறது. நாம் உண்கிறோம், பணத்தைக் கொடுக்கிறோம், எழுந்து போகிறோம். அந்த உட்கதவுக்கு அப்பால் ஒரு குடும்பம் தன் வாழ்வையே அடுப்பில் ஏற்றி வைத்திருக்கிறது என்பதை எண்ணிப் பார்ப்பவர் நம்முள் எத்தனை பேர்?

அந்தக் கதவை நமக்காகத் திறந்து காட்டும் திரைப்படம் ஒன்று உண்டு. 1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளிவந்த 'பிக் நைட்' என்பதே அது. 'பெருநாளிரவு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லிக்கொள்ளலாம். ஸ்டான்லி டூச்சியும் கேம்பெல் ஸ்காட்டும் இணைந்து இயக்கிய படம். டூச்சியும் அவருடைய உறவினர் ஜோசப் ட்ரோபியானோவும் சேர்ந்து எழுதிய திரைக்கதை, அவ்வாண்டு சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரைக்கதைக்கான பரிசைப் பெற்றது. துப்பாக்கியோ துரத்தலோ இல்லை. இரண்டு உடன்பிறந்தார், ஒரு சிறு உணவகம், ஓர் இரவு விருந்து, கதை இவ்வளவே.

இப்படத்தைப் பல ஆண்டுகளுக்கு முன் முதன்முறை கண்டபோது நாம் தயக்கமின்றி மூத்தவன் பக்கம் நின்றோம். அண்மையில் மீண்டும் கண்டபோது அந்த உறுதி ஆட்டம் கண்டது. ஒரு படைப்பு மாறுவதில்லை. காண்கின்ற நாம் மாறுகிறோம். அந்த மாற்றம் நியாயமானதுதானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

*

கதை நிகழ்வது 1950-களில், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலக் கடற்கரை ஊர் ஒன்றில். இத்தாலியின் அப்ருட்சோ பகுதியிலிருந்து வந்த பிரீமோ, செகொண்டோ என்னும் சகோதரர்கள் அங்கே 'பாரடைஸ்' என்ற சிறு உணவகத்தை நடத்துகின்றனர். இப்பெயர்களில் ஒரு நயம் உண்டு. இத்தாலிய மொழியில் பிரீமோ என்றால் முதலாவது, செகொண்டோ என்றால் இரண்டாவது. மூத்தவன், இளையவன் என்பது ஒரு பொருள். இத்தாலிய உணவு முறையில் முதலில் பரிமாறப்படும் பாஸ்தா அல்லது சோற்று வகைக்குப் பிரீமோ என்றும், அதன்பின் வரும் இறைச்சி அல்லது மீனுக்குச் செகொண்டோ என்றும் பெயர். ஒன்று முடிந்த பிறகே மற்றொன்று வரும். இரண்டையும் ஒரே தட்டில் குவிப்பது அங்கு வழக்கமில்லை. ஆகவே இச்சகோதரர்கள் ஒரே விருந்தின் இரு பகுதிகள். தனித்தனியே இருவருமே குறையுள்ளவர்கள்.

மூத்தவன் பிரீமோ சமையற்கலைஞன். டோனி ஷலூப் அவனாகவே வாழ்ந்திருக்கிறார். செகொண்டோவாக நடித்தவர் டூச்சி. அவன் உணவறையைக் கவனிப்பவன். வங்கியோடும் கடன்காரரோடும் போராடுபவன். மூத்தவனின் கண் தட்டில் இருக்கிறது; இளையவனின் கண் வாசலில் இருக்கிறது. வாசலிலோ ஆள் வருவதில்லை. மாத இறுதிக்குள் பணம் கட்டாவிட்டால் உணவகம் கைவிட்டுப் போய்விடும் என்று வங்கி எச்சரித்துவிட்டது.

தொடக்கக் காட்சி ஒன்றே படத்தின் முழுச் சிக்கலையும் நம் முன் வைத்துவிடுகிறது. உண்ண வந்த ஒரு பெண்மணி ரிசோட்டோ கேட்கிறார். ரிசோட்டோ என்பது ஒரு வகைக் குட்டை அரிசியை வெண்ணெயில் வதக்கி, கொதிக்கும் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, ஏறத்தாழ இருபது நிமிடம் அருகிலேயே நின்று கிளறிச் செய்வது. முன்கூட்டியே செய்து வைக்க முடியாது. இறக்கியவுடன் உண்டாக வேண்டும். நெடுநேரம் காத்திருந்து அதைப் பெற்ற அப்பெண்மணி, தொட்டுக்கொள்ள ஒரு தட்டு ஸ்பகெட்டியும் வேண்டும் என்கிறார். சோற்றுக்குத் துணையாக இன்னொரு மாவுப்பண்டமா? அடுக்களையில் பிரீமோ கொதித்தெழுகிறான். கேட்டவர் அவன் கண்ணுக்குக் குற்றவாளியாகவே தெரிகிறார். செகொண்டோவோ இரு பக்கமும் சமாதானம் சொல்லிக்கொண்டே கதவுக்கு இப்பாலும் அப்பாலும் நடக்கிறான்.

தெருவின் மறுபுறம் பாஸ்கல் என்பவனின் உணவகம். இயன் ஹோம் நடித்த பாத்திரம். அங்கே சிவப்பு விளக்கும் பாட்டும் கூச்சலும் கூட்டமும் குறைவதில்லை. ஸ்பகெட்டியின் மேல் இறைச்சி உருண்டைகளைக் குவித்துக் கொடுக்கிறான். மக்கள் மகிழ்ந்து உண்கிறார்கள். மக்கள் கேட்பதை முதலில் கொடு, நீ விரும்புவதைப் பிறகு கொடுத்துக்கொள்ளலாம் என்பது அவன் வேதம். கடன் கேட்டு வந்த செகொண்டோவுக்கு அவன் பணம் தரவில்லை. ஒரு வாக்குறுதி தருகிறான். புகழ்பெற்ற பாடகர் லூயி பிரீமா தன் நண்பர் என்றும், அவரை ஒருநாள் 'பாரடைஸ்' உணவகத்துக்கு விருந்துண்ண அனுப்புவதாகவும் சொல்கிறான். அவர் வந்து உண்டால் செய்தித்தாளில் பெயர் வரும். கூட்டம் தானே வரும். லூயி பிரீமா கற்பனைப் பாத்திரமல்லர். 1910-இல் நியூ ஆர்லியன்சில் இத்தாலியக் குடியேறிகளின் குடும்பத்தில் பிறந்து, 1978-இல் மறைந்த மெய்யான இசைக்கலைஞர். சகோதரர்கள் எஞ்சிய பணம் முழுவதையும் அந்த ஓர் இரவில் கொட்டுகிறார்கள்.

*

விருந்துக் காட்சிகளைச் சொற்களில் விவரிப்பது எளிதன்று. தெளிந்த சாறு வருகிறது. வெள்ளை, சிவப்பு, பச்சை என இத்தாலியக் கொடியின் நிறங்களில் மூவகை ரிசோட்டோ வருகிறது. பிறகு அனைவரும் மூச்சடக்கிக் காத்திருக்க, 'டிம்பானோ' வருகிறது. பெரிய எனாமல் பாத்திரத்தின் உட்புறம் முழுவதும் மாவை விரித்து, அதனுள் பாஸ்தாவும் இறைச்சிக் குழம்பும் முட்டையும் பாலாடைக்கட்டியும் அடுக்கடுக்காக நிரப்பி, மேலும் மாவால் மூடி, அடுப்பில் வேகவைத்துக் கவிழ்த்து எடுப்பது அது. முரசு போன்ற வடிவினால் அப்பெயர் பெற்றது. கவிழ்த்த உடனே வெட்டினால் சரிந்துவிடும். ஆறப் பொறுக்க வேண்டும். சகோதரர்கள் இருவரும் அதைத் தட்டிப் பார்க்கிறார்கள், தொட்டுப் பார்க்கிறார்கள், நோயுற்ற குழந்தையின் நெற்றியில் கை வைக்கும் பெற்றோரைப் போல. அதுவரை ஒருவரோடொருவர் பூசலிட்டுக்கொண்டிருந்தவர்கள் அந்த ஒரு கணத்தில் ஒரே மனிதராகிவிடுகிறார்கள். அதை உண்ட பாஸ்கலே, இவ்வளவு சுவையாக ஒருவன் சமைக்கலாமா என்று சினந்து எழுகிறான். போட்டியாளனிடமிருந்து ஒரு கலைஞன் பெறக்கூடிய பாராட்டு இதைவிட வேறுண்டோ?

ஆனால் லூயி பிரீமா வரவில்லை. வரவும் மாட்டார். பாஸ்கல் அவரை அழைக்கவே இல்லை. இச்சகோதரர்கள் நொடித்துப்போனால் வேறு வழியின்றித் தன்னிடம் வேலைக்கு வருவார்கள் என்பது அவன் கணக்கு.

*

முதன்முறை நாம் கொண்ட தீர்ப்பு எளிமையானது. பிரீமோ தூய கலைஞன், பாஸ்கல் வணிகன், உலகம் வணிகனுக்கே மாலையிடுகிறது, எனவே நம் கண்ணீர் கலைஞனுக்கு. இப்படத்தை விரும்புவோர் பலரும் இத்தீர்ப்போடு நின்றுவிடுகின்றனர். படம் அதனோடு நிற்கவில்லை என்பதை இப்போது உணர்கிறோம்.

முதலில் அந்த இறைச்சி உருண்டைகளையே எடுத்துக்கொள்வோம். 1880-க்கும் 1920-க்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டுகளில் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர் அமெரிக்கா சென்றனர். பெரும்பாலோர் தென்னித்தாலிய ஏழைகள். சொந்த ஊரில் திருநாளில் மட்டும் இறைச்சியைக் கண்டவர்கள், புதிய நாட்டில் கூலிப்பணத்தில் அதை வாரந்தோறும் வாங்க முடிந்தது. ஊரில் சிறியதாகவும் தனியாகவும் உண்ட உருண்டை இங்கே பெரியதாகி, ஸ்பகெட்டியின் மேல் ஏறி அமர்ந்தது. பசித்திருந்த ஒரு தலைமுறை, இனி எம் பிள்ளைகள் பசித்திரார் என்று சொல்லிக்கொண்ட உணவு அது. அதை வெறும் பாமரத்தனம் என்று தள்ள நமக்கு உரிமையில்லை. அதுமட்டுமன்று, சகோதரர்களின் சொந்தப் பகுதியான அப்ருட்சோவிலேயே, சுண்டைக்காய் அளவுச் சிற்றுருண்டைகளைப் பாஸ்தாவோடு சேர்த்துச் சமைக்கும் மரபு உண்டு. டிம்பானோவும் டூச்சி குடும்பத்தின் சொந்தப் பண்டம். அக்குடும்பத்தின் சமையல் நூலில் உள்ள செய்முறையில் பாஸ்தாவோடு இறைச்சி உருண்டைகளும் சேர்கின்றன. பிரீமோ யாரைப் பழிக்கிறானோ அவர்கள் விரும்பும் பண்டம், அவனுடைய தலைசிறந்த படைப்பின் வயிற்றிலேயே ஒளிந்திருக்கிறது! தூய்மை என்று நாம் பெயரிடுவது பல வேளைகளில் நம் நினைவின் குறுகலே.

அடுத்து, அந்தப் பெண்மணி. அவர் அறியாமையால் கேட்டார், ஆணவத்தால் கேட்கவில்லை. வந்தவர் முகம் வாடாமல் காப்பதே விருந்தோம்பலின் முதற்கடமை என்று கேட்டு வளர்ந்த நமக்கு, பிரீமோவின் சினம் இப்போது நெருடுகிறது. அவன் உணவை நேசிக்கிறான், உண்பவரை நேசிக்கிறானா? நல்ல உணவை உண்பது இறைவனுக்கு அருகில் செல்வது என்று அவன் நம்புகிறான். தான் கூச்சத்தோடு விரும்பும் பூக்கடைப் பெண் ஆனிடம் அதைச் சொல்லவும் செய்கிறான். அழகிய நம்பிக்கைதான். ஆனால் அந்த அருகாமைக்கு வாயிற்காவலனாகத் தன்னையே நியமித்துக்கொள்ளும்போது அவன் தவறுகிறான். அறியாதவரை மெல்லக் கைபிடித்து அழைத்துச் செல்வதும் சமையற்கலையின் ஒரு பகுதியன்றோ?

இளையவன் செகொண்டோவை முன்பு நாம் பாஸ்கலின் நிழலாகவே கண்டோம். அவன் பகட்டான காடிலாக் காரை ஓட்டிப் பார்த்து மயங்குகிறான். தன்னை நேசிக்கும் பிலிசுக்கு உண்மையாயிருக்கவில்லை. பாஸ்கலின் துணைவி கேப்ரியெல்லாவோடு மறைவில் உறவாடுகிறான். இவை மன்னிக்கத்தக்கவை என்று சொல்ல வரவில்லை. எனினும் வங்கி வாசலில் குனிந்து நின்றவன் அவன். கணக்கேட்டின் பொய்யில்லாத எண்களைக் கண்டு இரவில் உறக்கமிழந்தவன் அவன். மேற்கூரை ஒழுகாமல் ஒருவன் காத்ததால்தான் மற்றவன் கலைஞனாக இருக்க முடிந்தது. குடும்பமாக உழைக்கும் எல்லா இல்லங்களிலும் இப்படி ஒருவர் உண்டு. வாழ்வின் நடைமுறைச் சுமையைத் தாங்குபவரைப் 'பணத்தையே நினைப்பவர்' என்று மற்றவர்கள் பழிப்பர். அவர் தாங்குவதால் தாங்கள் நிற்பதை மறப்பர். முதன்முறை கண்டபோது நாம் இளையவராயிருந்தோம்; யார் தயவிலோ நின்றோம். பிறகு பிறருக்காகக் கணக்குப் பார்க்கும் காலம் வந்தது. நம் பார்வை திரும்பியதற்கு அதுவே காரணமாக இருக்கக்கூடும்.

*

ஒரே விருந்துக்காகக் கையிலுள்ள அனைத்தையும் செலவிடும் இன்னொரு கதையும் நினைவுக்கு வருகிறது. 1987-இல் டென்மார்க்கில் காப்ரியேல் ஆக்செல் இயக்கிய 'பாபெட்டின் விருந்து'. பாபெட் தான் பரிசுச்சீட்டில் பெற்ற பத்தாயிரம் பிராங்குகளையும் பன்னிருவருக்கான ஒரே விருந்தில் செலவிட்டாள். இரு செயல்களும் ஒன்றுபோல் தோன்றினாலும் வேறுபாடு பெரிது. பாபெட் யாருக்குச் சமைக்கிறோம் என்பதை அறிவாள், வந்தவர்களுக்கே சமைத்தாள். பிரீமோவும் செகொண்டோவும் வராத ஒருவருக்காகச் சமைத்தார்கள். வந்தவர்கள், அதாவது அயலாரும் நண்பரும் காதலியரும், முதலில் வெறும் கூட்டம் சேர்க்கவே அழைக்கப்பட்டவர்கள். காத்துக் காத்துச் சலித்த பின்னரே, இனி நாமே உண்போம் என்ற முடிவு பிறக்கிறது. அந்த முடிவுக்குப் பிறகுதான் மெய்யான விருந்து தொடங்குகிறது. ஆடுகிறார்கள், சிரிக்கிறார்கள், உண்டு களைத்து மேசையில் சாய்கிறார்கள். பெரியவர் ஒருவர் வருவார் என்று வாசலையே பார்த்திருந்தவர்கள், தம் மேசையில் இருந்தவர்களை அப்போதுதான் கண்டார்கள். முதல்வன் என்ற பெயரே தாங்கிய விருந்தினரின் இருக்கை கடைசிவரை வெறுமையாயிருந்தது. அதனால் விருந்து குறைபடவில்லை.

இவ்விடத்தில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். இது குடும்ப உணவகம் பற்றிய படம். ஆனால் அடுக்களையில் ஒரு தாய் இல்லை, ஒரு பாட்டி இல்லை. விருந்தின் முடிவில் ஒரு பெண் மேசையில் அமர்ந்து அழுகிறாள். தன் தாயின் சமையல் அத்தனை மோசம் என்பதே அவள் துயரம். அரங்கு சிரிக்கிறது. நாமும் சிரித்தோம். சிரித்து முடித்தபின் ஒரு கேள்வி எஞ்சியது: இந்தச் சகோதரர்களுக்கு அடுப்பை மூட்டக் கற்றுக்கொடுத்தது யார்? பிலிஸ், கேப்ரியெல்லா, ஆன் மூவரும் சுவைப்பவராகவும் காத்திருப்பவராகவும் மன்னிப்பவராகவுமே வந்து போகின்றனர். மின்னி ட்ரைவர், இசபெல்லா ரோசலினி, அலிசன் ஜானி ஆகிய திறமையாளர் மூவர் கிடைத்தும் இவ்வளவே இடம். திரைக்கு வெளியே நிலைமை வேறு. டூச்சி குடும்பத்தின் சமையல் நூல் 1999-இல் வெளிவந்தபோது அதன் ஆசிரியர்களுள் முதன்மையானவர் டூச்சியின் தாய் ஜோன். வாழ்வு அறிந்த அந்த உண்மைக்குப் படத்தில் ஓர் ஓரமேனும் கிடைத்திருக்கலாம்.

*

விருந்து முடிந்த பின் உண்மை வெளிப்படுகிறது. கடற்கரை மணலில் சகோதரர்கள் இருவரும் கட்டிப் புரண்டு சண்டையிடுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் சொல்லாமல் விழுங்கியவை எல்லாம் வெளியே வருகின்றன. ரோமாபுரியிலுள்ள மாமனின் உணவகத்துக்கே போய்விடலாம் என்பது மூத்தவனின் எண்ணம். இந்த நாட்டிலேயே நின்று வெல்ல வேண்டும் என்பது இளையவனின் பிடிவாதம். பிறகு செகொண்டோ பாஸ்கலின் முன் நிற்கிறான். தான் எந்நேரமும் எதுவாகவும் மாறக்கூடிய வணிகன் என்கிறான் பாஸ்கல். நீ யார் என்று கேட்கிறான். இளையவனின் மறுமொழியில் தன்னைப் பற்றி எதுவும் இல்லை. என் அண்ணன் உனக்கு ஒருநாளும் கிடைக்கமாட்டான், அவனிடம் இருப்பது அரியது என்பதே அதன் சாரம். சற்று முன்புவரை அண்ணனோடு மல்லுக்கட்டியவன் சொல்கிறான் இதை. வீட்டுக்குள் எதிர்த்தவனே வெளியாரிடம் காக்கிறான். உடன்பிறந்தாரோடு வாழ்ந்த எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை.

இறுதிக் காட்சி, திரைக்கலை நமக்கு அளித்த பெருங்கொடைகளுள் ஒன்று என்று சொல்வது மிகையாகாது. விடியற்காலை. அதே அடுக்களை. ஒளிப்பதிவுக் கருவி ஓரிடத்தில் நிற்கிறது. ஏறத்தாழ ஐந்து நிமிடம் வெட்டே இல்லை. பேச்சும் இல்லை என்றே சொல்லலாம். பணியாளன் கிறிஸ்தியானோ அங்கே படுத்திருக்கிறான். செகொண்டோ முட்டைகளை உடைத்து அடிக்கிறான், வாணலியில் ஊற்றுகிறான், வெந்ததை மூன்றாகப் பகிர்கிறான். ஒரு பங்கு பணியாளனுக்கு, ஒரு பங்கு தனக்கு. மூன்றாம் பங்கு வாணலியில் காத்திருக்கிறது. அண்ணன் உள்ளே வருகிறான். தம்பி எழுந்து அந்தப் பங்கைத் தட்டில் வைத்து அவன் முன் வைக்கிறான். கிறிஸ்தியானோ நயமறிந்து தன் தட்டோடு நகர்ந்துவிடுகிறான். இருவரும் அருகருகே அமர்ந்து உண்கிறார்கள். ஒரு கை மெல்ல மற்றவன் தோள்மேல் படிகிறது. மறு கையும் அவ்வாறே. அவ்வளவுதான்.

கவனிக்க: இங்கே சமைப்பவன் கலைஞனல்லன்; கணக்குப் பார்ப்பவன். சமைத்தது டிம்பானோ அன்று, உப்பிட்ட முட்டை. உண்பவன் குறை சொல்லவில்லை. குறை காண அவனுக்குத் தோன்றவுமில்லை. முதல்நாள் விருந்தில் அவர்களின் உடைமை முழுவதும் செலவானது. இந்த விருந்துக்குச் சில முட்டைகளே செலவு. இரண்டில் எது பெரியது என்று படம் சொல்லவில்லை. உணவகம் பிழைத்ததா, வங்கி எடுத்துக்கொண்டதா என்பதையும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டதே இப்படத்தின் நேர்மை. பிழைத்தது என்றால் ஆறுதலாயிருக்கும். பிழைக்கவில்லை என்றால் பாடமாயிருக்கும். இரண்டுமே அந்தத் தோள்மேல் கிடந்த கையின் கனத்தைக் குறைத்திருக்கும்.

ஆகவே நம் தீர்ப்பை மாற்றி எழுதுகிறோம். மூத்தவன் பக்கமிருந்து இளையவன் பக்கம் தாவிவிட்டோம் என்பதன்று. மூத்தவனின் நேர்த்தி இல்லையேல் அந்த உணவகத்தில் பரிமாற ஒன்றுமில்லை. இளையவனின் உழைப்பு இல்லையேல் பரிமாற மேசை இல்லை. ஆனால் எல்லாம் இழந்த காலையில் மற்றவனுக்கென ஒரு பங்கை எடுத்துவைக்கும் மனம் இல்லையேல், அந்த இரண்டும் இருந்தும் பயனில்லை. வாணலியில் காத்திருந்த அந்த மூன்றாம் பங்கை இம்முறைதான் நாம் முழுதாகக் கண்டோம்.

இனி ஒரு சிறிய உணவகத்தில் அமரும்போது, உணவு வரச் சற்றுத் தாமதமானால், ஊசலாடும் அந்தக் கதவை ஒருமுறை பார்ப்போம். அப்பால் யாரோ ஒருவர் நமக்காக அடுப்பருகே நின்று கிளறிக்கொண்டிருக்கக்கூடும். வேறொருவர் அவர் நிற்பதற்காக எங்கோ குனிந்துவிட்டு வந்திருக்கக்கூடும். உண்டு எழும்போது நன்றாயிருந்தது என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வருவோம். அதற்குச் செலவு ஏதுமில்லை.